எண்ணுறது நீங்கள்

கூப்பிட்டவுடன் வந்து மண்ணைப் பார்த்துச் சொல்கிற ஒரு ஆள் எங்களுக்கு வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தபோது, என்னுடைய கை மணிக்கட்டு வரைக்கும் ஒரு சுவருக்குள் இருந்தது. கிளிநொச்சியில் புதிதாகக் கட்டிய சந்தைக் கட்டிடத்தின் சுவர். திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பெயின்ற் மணம் போகவில்லை, அதற்குள் மூலையிலிருந்து கூரை வரைக்கும் வெடிப்பு.

போர் நிறுத்தம் வந்த சமாதான காலம் அது. சந்திக்குச் சந்தி ஏதோ ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. நான் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டு, பல்கலைக்கழகக் கடிதம் வரும்வரைக்கும் வீட்டில் இருக்கப் பொறுமையில்லாமல், பொதுக் கட்டிட வேலைகளைக் கவனிக்கிற ஒரு அலுவலகத்தில் தட்டச்சுக்குச் சேர்ந்திருந்தேன். "போய் வெடிப்பைப் பார்த்து எழுதிக்கொண்டு வா" என்று அனுப்பியிருந்தார்கள். நான் அகலம் அளந்தேன், நீளம் அளந்தேன், கையை விட்டு ஆழமும் பார்த்தேன்.

பக்கத்தில் மரக்கறிப் பையோடு ஒரு பெண் நின்றார். நாற்பது வயது இருக்கும். அவர் வெடிப்பைப் பார்க்கவேயில்லை. நிலத்தைத்தான் பார்த்தார். பிறகு வெற்றிலை விற்கிறவரிடம் கேட்டார்.

"அண்ணை, இஞ்ச பங்கர் எங்க இருந்தது?"

"நீங்கள் நிக்கிற இடந்தான் தங்கச்சி. நல்ல பங்கர். நாலு பேர் காலை நீட்டிப் படுக்கலாம்."

"கட்டேக்க ஒருதருக்கும் சொல்லேல்லையோ?"

"ஆர் கேட்டது?" என்றார் அவர், பாக்கை வெட்டியபடி.

வன்னியில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனம் எல்லாம் செய்த முதல் வேலை, பங்கரை மூடியதுதான். குண்டுக்குப் பயந்து ஒளிந்திருந்த குழியை யார் முற்றத்தில் வைத்திருப்பார்கள்? கிடைத்த மண்ணை, குப்பையை, ஓட்டுத் துண்டைப் போட்டு மூடினோம். மேலே கூரையாகப் போட்ட பனங்குற்றி அப்படியே கிடந்தது. அதற்கு மேல் புல் முளைத்தது, புல்லுக்கு மேல் கட்டிடம் வந்தது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஒருவரும் எழுதாத விஷயம். அந்தப் பெண்ணைப் பிடித்து யார் எவர் என்று விசாரித்தேன். அன்றைக்கே ஒன்றரைப் பக்கத்தில் ஒரு திட்டம் எழுதி மேசையில் வைத்தேன். எந்தப் பொது வேலையானாலும், பள்ளிக்கூடமோ பாலமோ தண்ணீர்த் தாங்கியோ, அத்திவாரம் வெட்ட முன்னம் அந்தப் பெண்ணைக் கூப்பிட வேண்டும். அவருடைய அறிக்கை இல்லாமல் கோப்பு நகரக் கூடாது. எங்கள் திட்டப் பொறுப்பாளர் வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைத்தார். அந்தக் கையெழுத்துக்காகப் பிறகு எத்தனை தரம் தன்னையே திட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியாது.

அவர் மண் பரிசோதனை படித்தவர். இடப்பெயர்வுகளுக்கு நடுவே ஏழெட்டு இடத்தில் வேலை செய்துவிட்டு, அப்போது புதுக்குடியிருப்பில் கணக்கு ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தார். ஊரில் தொலைபேசி எங்கே? ஆகவே நான் ஒரு துண்டுக் கடிதம் எழுதிக் காலை பஸ் கொண்டக்டரிடம் கொடுப்பேன். மாங்குளத்தில் அது பஸ் மாறும். பின்னேரம் அவர் கையில் இருக்கும். அடுத்த நாள் அவர் வேலைத்தலத்தில் நிற்பார். ஒருதரம்கூடப் பிந்தியதில்லை. வராமல் விட்டதும் ஒருதரம்தான். பொறுப்பாளர் சொல்லச் சொல்ல நான் எழுதிய துண்டில் "சும்மா ஒருக்கா வந்து பார்த்துவிட்டுப் போகவும்" என்று இருந்தது. அதே கொண்டக்டரிடம் அதே துண்டு திரும்பி வந்தது. பின்பக்கத்தில் எழுதியிருந்தார்: "சும்மா வாறதெண்டால் கோயிலுக்கு வருவன்."

அவருடைய ஆயுதம் ஒரு கம்பி. நுனியில் கூர்மையான இரும்புக் கூம்பு, மேலே ஏறி இறங்குகிற ஒரு இரும்புக் குண்டு. முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்திருந்த ஒரு முஸ்லிம் பட்டறைக்காரர் லொறி அச்சிலிருந்து செய்து கொடுத்தது. குண்டைத் தூக்கி விட்டால் கம்பி மண்ணுக்குள் இறங்கும். ஒரு சாணுக்கு ஒரு சிவப்புக் கோடு. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு வரை இறங்க எத்தனை அடி என்பதுதான் கேள்வி. பத்துக்கு மேல் என்றால் மண் கட்டிடத்தைத் தாங்கும். ஐந்துக்குக் கீழ் என்றால் அவர் உதட்டைப் பிதுக்குவார்.

ஆனால் அவர் ஒருநாளும் எண்ணமாட்டார். அதுதான் அவர். எங்கே போனாலும் முதலில் அங்கே நிற்கிற சனத்தைக் கூப்பிடுவார். கட்டுகிற வேலையை எடுத்த கொந்தராத்துக்காரர், மேசன்மார், வேலியால் எட்டிப் பார்க்கிறவர்கள், மாடு கட்ட வந்தவர், எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். "அடிக்கிறது நான், எண்ணுறது நீங்கள். சத்தமா." ஊர் எண்ணும், அவர் அடிப்பார், நான் எழுதுவேன்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"முந்தி ஒரு இடத்தில நான்தான் எண்ணினனான். நாலு எண்டு எழுதிக் குடுத்தன். கொந்தராத்துக்காரன் சொன்னான், பொம்பிளை தனிய எண்ணினதெல்லாம் ஒரு கணக்கோ எண்டு. மேலிடமும் ஓமெண்டு விட்டுட்டுது. சரி எண்டு விட்டன். இப்ப ஊரே எண்ணுது. ஊரைப் பொய் எண்டு சொல்லட்டும் பாப்பம்."

"அந்தக் கட்டிடம் என்னாச்சு?"

"நிக்குது. சரிஞ்சு நிக்குது. போற வாற நேரமெல்லாம் பஸ்ஸுக்குள்ளால ஒருக்கா எட்டிப் பாக்கிறனான்," என்று சிரித்தார்.

வற்றாப்பளைக்குப் போகிற பாதையில், அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னம் ஒரு மதகு போட்டு முடிக்கவேண்டும் என்று ஒரு கொந்தராத்துக்காரர் நெருப்பில் நின்றார். கம்பி மூன்று அடியில் ஒரு சாண் போனது. "அம்மன் பாத்துக்கொள்ளுவா, எழுதுங்கோ" என்றார் அவர். "அம்மன் பாப்பா. லொறி பாக்காது" என்றார் இவர். எண்ணி நின்ற சனம் சிரித்துவிட்டது. கொந்தராத்துக்காரர் இன்னும் ஆழமாக வெட்டினார், முணுமுணுத்தபடி வெட்டினார், ஆனாலும் வெட்டினார். பொங்கலுக்கு லொறிகள் போயின.

நான் அப்போது ஒரு படிவம் தயாரித்திருந்தேன். எனக்குப் படிவங்களில் மோகம். மண் வகை என்று போட்டு, சரி அடையாளம் போட நான்கு கூடுகள்: மணல், களி, கிரவல், பாறை. அவர் அதைப் பார்த்துவிட்டுப் பேனையை எடுத்து ஐந்தாவதாக ஒரு கூடு கீறினார். அதற்குப் பக்கத்தில் "நாங்கள்" என்று எழுதினார்.

"இதென்ன அக்கா, மண்ணில நாங்கள் எண்டு ஒரு வகையோ?"

"நாங்கள் கிண்டி நாங்கள் மூடினது. வன்னியில அதுதான் கனக்க இருக்கு. உம்மட புத்தகத்தில இல்லையெண்டால் புத்தகத்தில பிழை."

நான் சண்டை பிடித்தேன். படிவம் என்றால் விஞ்ஞான ரீதியாக இருக்க வேண்டும் என்றேன். "அப்ப விஞ்ஞானத்தைக் கொண்டுவந்து இதுக்கு மேல ஏத்தி நிப்பாட்டும், தாங்குதோ பாப்பம்" என்றார். கடைசியில் ஐந்து கூட்டோடுதான் படிவம் அச்சானது.

அந்த ஐந்தாவது கூடுதான் கனகராயன்குளத்துக்கு உள்ளே இருந்த ஒரு கிராமத்தில் எங்கள் எல்லோரையும் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

அங்கே பள்ளிக்கூடம் மரத்துக்குக் கீழே நடந்தது. மழை வந்தால் விடுமுறை. ஒரு கட்டிடம் கிடைத்திருந்தது, ஒன்றே ஒன்று. பொறுப்பாளர் ஊரின் கட்டிடக் குழுவிடம் முதலே சொல்லிவிட்டார்: மண் சரியில்லை என்று அறிக்கை வந்தால் கட்டிடம் பக்கத்துக் கிராமத்துக்குப் போகும், மாத முடிவுக்குள் இடம் உறுதியாக வேண்டும். பக்கத்துக் கிராமம் என்றால் இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தள்ளி, மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறினவர்களுடைய கிராமம். அங்கேயும் மரத்துக்குக் கீழேதான் பள்ளிக்கூடம்.

நாங்கள் போனபோது ஊர் முழுக்க வந்து நின்றது. இவ்வளவு சனத்தை நான் எந்த வேலைத்தலத்திலும் பார்த்ததில்லை. அவர் வழக்கம்போல் கேட்டார்.

"இஞ்ச பங்கர் எங்க இருந்தது?"

"பங்கரோ?" என்றார் குழுத் தலைவர், அந்தச் சொல்லை இப்போதுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி. "இந்தப் பக்கம் அப்பிடி ஒண்டும் இல்லைப் பிள்ளை."

முதல் மூன்று இடமும் நல்ல மண். ஊர் ஒரே குரலில் எண்ணியது: பன்னிரண்டு, பதின்மூன்று, பன்னிரண்டு. நான்காவது இடம் நடுவில், புல் கொஞ்சம் அதிகப் பச்சையாக இருந்த இடம். அவர் கம்பியை நிறுத்தினார். முதல் அடி. "ஒண்டு" என்றது ஊர். இரண்டாவது அடி. "ரெண்டு, மூண்டு" என்றது ஊர். நான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது அடி. "நாலு, அஞ்சு, ஆறு." கம்பி வெண்ணெயில் போகிற மாதிரிச் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. அவர் குண்டைத் தூக்கினார். தூக்கியபடியே நின்றார். குண்டு இன்னும் அவர் கையில் இருந்தது. ஊர் "ஏழு" என்றது.

இதற்குப் பிறகும் பின்னாலிருந்து ஒரு கிழவர் மட்டும் தனியாக "எட்டு" என்றார்.

கம்பி அடித்தவர் கோபித்திருந்தால் ஊர் தாங்கியிருக்கும். அவர் குண்டை மெதுவாகக் கீழே இறக்கி வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரி. நான் அடிக்காமலே இனிப் பத்து வரைக்கும் எண்ணி முடியுங்கோ. எனக்கும் குனிஞ்சு குனிஞ்சு நாரி நோகுது."

யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கினார்கள். அப்போது ஒரு பெண் முன்னுக்கு வந்தார், இடுப்பில் பிள்ளையோடு. கம்பி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் காலால் ஒரு கோடு கீறினார்.

"இஞ்சதான். வாசல் இந்தப் பக்கம். என்ர மூத்ததுகள் ரெண்டும் இதுக்குள்ள இருந்துதான் எழுதப் பழகினதுகள்."

"உனக்கென்ன விசரே?" என்று தலைவர் பாய்ந்தார். "கட்டிடம் போகப்போகுது!"

"போனாப் போகட்டும். இடிஞ்சு விழுந்தா நீங்களோ தூக்குவியள்?"

இரண்டு பக்கமும் சத்தம் ஏறியது. கம்பியோடு அவர் குறுக்கே வந்து நின்றார். "உங்கட பிள்ளையள் ஒருக்கா இதுக்குக் கீழ இருந்திட்டுதுகள். இனி மேலதான் இருக்கோணும். மேல இருக்கேக்க கீழ போகக் கூடாது. அவ்வளவுதான் என்ர வேலை. கட்டிடம் போகுமெண்டு ஆர் சொன்னது?"

படிவத்தின் அடியில் இரண்டே இரண்டு பதில்தான் இருந்தது: பொருத்தம், பொருத்தமில்லை. அதையும் நான்தான் வைத்தேன், அன்றைக்கு வெட்கமாக இருந்தது. அவர் இரண்டையும் வெட்டவில்லை. குறுக்காக எழுதினார்: "சோதனை முடியவில்லை. இருபது நாள் வேண்டும்."

அடுத்த நாள் அலுவலகத்தில் பொறுப்பாளர் மேசையில் தட்டினார்.

"ஒரு கம்பி அடிக்க இருபது நாளோ? மண் கூடாதெண்டால் கூடாதெண்டு எழுதுங்கோ, நான் கட்டிடத்தை மாத்திறன். மண்ணைப் பற்றிச் சொல்லுறதுதான் உங்கட வேலை. என்ன செய்யிறதெண்டு நாங்கள் முடிவெடுப்பம்."

"மண் கூடாதெண்டு நான் சொல்லேல்லை சேர். மண்ணுக்குள்ள ஒரு கிடங்கு இருக்கு. கிடங்கை வெட்டியெடுத்துக் கிரவல் போட்டு இறுக்கினால் அதுவும் மண்தான். அதுக்குப் பிறகு சோதிச்சால்தான் சோதனை."

"உங்களைப் பட்டியலில இருந்து எடுக்க எனக்கு ஒரு கடிதம் காணும்."

"எடுங்கோ. வேற ஆளை ஓமந்தைச் சோதனைச் சாவடியால கூட்டிக்கொண்டு வாறதுக்குள்ள மாதம் முடிஞ்சிடும். அறிக்கை இல்லாமல் கோப்பு நகராது எண்டு நீங்கள்தானே கையெழுத்து வைச்சது."

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். அந்த விதியை எழுதியவள் நான். நான் தட்டச்சு இயந்திரத்தில் தாளை ஏற்றி, ஒருவரும் கேட்காமலே அடிக்கத் தொடங்கினேன்: "மேற்படி தலத்தில் மண் பரிசோதனை தொடர்ந்து நடைபெற்று வருகிறது." அடித்து முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினேன். மாதம் முடிய இருபத்திரண்டு நாள் இருந்தது. அவர் நாட்காட்டியைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார், கையெழுத்தை வைத்தார்.

இருபது நாளும் அவர் கம்பியோடு பஸ் ஏறி வந்தார். வேலை என்னவோ ஊருடையது. முதல் நான்கு நாள் வெட்டினார்கள். உக்கிப்போன பனங்குற்றிகள் வந்தன, இடையில் வெறும் பொந்து. மேலே ஒரு வகுப்பறை நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தபடி நான் குற்றிகளை எண்ணி எழுதினேன். ஓட்டுத் துண்டுகள் வந்தன. ஒரு பிளாஸ்ரிக் வாளியும் வந்தது. முதல்நாள் உண்மை சொன்ன அதே பெண் பாய்ந்து பிடுங்கினார்.

"எடி, இது என்ர வாளி! ஆர் இதுக்குள்ள போட்டு மூடினது?"

"நீதான் பதறிப்போய்ப் போட்டனி, இப்ப ஊரைக் கேக்கிறாய்" என்றார் தலைவர். அன்றிலிருந்து அந்த வாளிதான் தண்ணீர் அள்ளியது.

பிறகு கிரவல். தலைவருடைய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்தது. அரைச் சாண் போடுவது, தண்ணீர் தெளிப்பது, கட்டையால் குத்துவது, பிறகு அடுத்த அரைச் சாண். ஆண்கள் ஒரே தரத்தில் கொட்டிவிட்டுப் போகப் பார்த்தார்கள். "ஒரேயடியாக் கொட்டினா அதுவும் நாங்கள் மூடின மாதிரித்தான் இருக்கும்" என்று அவர் கிடங்குக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டார். ஆள் இருக்கக் கொட்ட முடியுமா? மெல்லிசாகத்தான் போட்டார்கள். ஒவ்வொரு படைக்கும் கம்பி. ஒவ்வொரு கம்பிக்கும் ஊர் எண்ணியது. இப்போது ஊர் பயங்கரக் கறார். ஒரு நாள் ஒன்பதில் நின்றபோது அவர் போதும் என்ற மாதிரித் தலையாட்டினார். பெண்கள் விடவில்லை. "பத்து வரேல்லை, திரும்பக் குத்துங்கோ" என்று ஆண்களை விரட்டினார்கள்.

இருபதாம் நாள் பொறுப்பாளரே வந்தார். வெள்ளைச் சேட். நிழலில் கதிரை போட்டிருந்தார்கள். அவர் உட்காரப் போக, இவர் கூப்பிட்டார்.

"சேர், இண்டைக்கு ஊர் எண்ணாது. நீங்கள் எண்ணோணும்."

"நானோ?"

"ஊர் ஒருக்காக் கூட்டி எண்ணினது. அது உங்களுக்கும் தெரியவரும். பிறகு கதை வரக் கூடாது."

தலைவர் தலையைக் குனிந்தார். பொறுப்பாளர் வந்து நின்றார். முதல் அடி விழுந்தது. அவர் உதட்டுக்குள் ஏதோ சொன்னார்.

"கேக்கேல்லை சேர்!" என்றது பின்பக்கம்.

"ஒண்டு" என்றார். பிறகு அவருடைய குரல் தானாகவே உயர்ந்தது. ஏழில் சேட்டுக் கையை மடித்தார். பத்தில் ஊர் மூச்சை விட்டது. கம்பி கோட்டைத் தொட்டபோது பதினாலு. ஊர் கை தட்டியது, அவரும் தட்டப் போய் நிறுத்திக்கொண்டார். படிவத்தை வாங்கி அங்கேயே கையெழுத்து வைத்தார். கட்டிடம் அந்த ஊருக்குத்தான்.

வாகனத்தில் ஏற முன்னம் பொறுப்பாளர் அவரைத் தள்ளிக் கூப்பிட்டுச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். "நீங்கள் கெட்டிக்காரிதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் இதோட சரி. இனி உங்களுக்குத் துண்டு வராது."

"சரி சேர்" என்றார் அவர். கம்பியைச் சாக்கில் சுற்றினார்.

கனகராயன்குளம் சந்திக்கு நடந்து வந்தோம். எனக்கு அழுகையும் கோபமும். நான் வேலையை விடப்போகிறேன் என்றேன், மேலே எழுதப்போகிறேன் என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் கம்பியைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார். சந்தியில் இரண்டு பெண்கள் எங்களுக்காக நின்றார்கள். பக்கத்துக் கிராமத்துப் பெண்கள். ஒருவர் நேராக அவருக்கு முன்னால் வந்தார். கும்பிடவில்லை, சிரிக்கவில்லை.

"நீங்கதானே அந்தக் கம்பி அம்மா? ஒரு கேள்வி கேக்கணும். எங்க ஊருல குழியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நல்ல கிரவல் மண்ணு. அவங்களுக்கு இருபது நாள் குடுத்தீங்க. எங்க ஊருக்கு ஒரு மணி நேரம் வந்து ஒரு குத்து குத்திப் பாத்தீங்களா?"

அவர் தோளில் இருந்த கம்பியை நிலத்தில் இறக்கி வைத்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இருபது நாளும் நாங்கள் ஒரு கட்டிடத்தைப் பிடித்து வைத்திருக்கச் சண்டை பிடித்தோம். அது யாரிடமிருந்து என்று ஒருவரும் யோசிக்கவில்லை. துண்டில் பெயர் வராத ஊர் எங்களுக்கு ஊராகவே தெரியவில்லை.

"இல்லை" என்றார் அவர். "பாக்கேல்லை. பிழைதான்."

"எங்க புள்ளைங்களும் மழையில நனையுதுங்க."

புதுக்குடியிருப்புக்குப் போக வேண்டிய பஸ் வந்தது. நின்றது. கொண்டக்டர் கையைக் காட்டினார். அவர் போகச் சொல்லித் தலையாட்டினார்.

"அக்கா, பட்டியலில நீங்கள் இல்லை" என்றேன். "கட்டிடமும் இல்லை. அறிக்கை எழுதி ஆரிட்டக் குடுக்கிறது?"

"எல்லாருக்கும். மாவட்டக் கச்சேரிக்கு ஒண்டு, கல்விக் கந்தோருக்கு ஒண்டு, உம்மட சேருக்கு ஒண்டு. இரண்டாவது கட்டிடம் இல்லையெண்டு எழுத்தில தரட்டும். மண் கூடாதெண்டு மட்டும் இனி ஒருதரும் சொல்லேலாது. நீர் வேலையை விடுற கதையை விடும். அடுத்த கிழமை கடிதம் அடிக்க ஆள் வேணும்." பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "இரவு தங்க ஒரு பாய் கிடைக்குமோ?"

"பாயென்னம்மா, வீடே இருக்கு."

"அப்ப விடிய வெள்ளனத் தொடங்கலாம். ஐஞ்சு இடத்தில அடிப்பம். சனத்துக்குச் சொல்லி வையுங்கோ, ஒருதரும் வயலுக்குப் போகக் கூடாது. எண்ணத் தெரியாதவையும் வரட்டும், பக்கத்தில நிண்டு பழகுவினம்."

கம்பியின் ஒரு முனையை அந்தப் பெண் தோளில் வைத்தார், மறுமுனையை அவர் வைத்தார். குண்டை என்னிடம் தந்தார்கள். இரண்டு கட்டை நடக்க வேண்டும். நான் நடந்தபடியே படிவத்தின் அடிப்பகுதியை மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்தேன். காலையில் முதல் அடி விழ முன்னம் அதில் இன்னும் ஒரு வரி சேர்த்தாக வேண்டும்: "கூப்பிட்டது: இந்த ஊர்."